அக்டோபர் பதினெட்டில் பிறந்த கடிதம்

டிசம்பர் மாத மத்தியானம். வர்னா துறைமுகத்தின் பின்தெருவில் கமென் வைத்திருந்த கணினிக் கடைக்குள் நெவேனா வந்தாள். கையில் கணவனின் மடிக்கணினி.

"என் புருஷன் உயிரோடதான் இருக்காரு. இதுலயே இருக்கு, பாருங்க."

செப்டம்பர் ஒன்பதாம் தேதி மீன்பிடிக்கப் போன அவள் கணவன் லியுபெனின் படகு மட்டும் கரை ஒதுங்கியிருந்தது. கோப்புகளையும் தேதிகளையும் பட்டியலிட அவனே எழுதிய சிறு நிரலை அவள் ஓடவிட்டாள். அவள் பெயருக்கு ஒரு கடிதம். கடைசியாகத் திருத்தியது செப்டம்பர் 2. உருவானது அக்டோபர் 18, மாலை 4.10. உள்ளே ஒரே வரி: பால்கனிக் கதவைத் தொடாதே, நான் வந்து சரிசெய்கிறேன்.

அந்த ஃபோல்டர் அதுவரை அவளுக்குத் திறந்ததே இல்லை. பதினெட்டாம் தேதிக்குப் பிறகுதான் திறக்கிறது.

உதவியாளர் யானாவுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, உருவாகறதுக்கு முன்னாடியே திருத்தின ஃபைலுன்னா, வேற எங்கயோ இருந்து காப்பி பண்ணிப் போட்டதுதானே? விண்டோஸ்ல தினம் பாக்கறோமே."

நெவேனாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்படின்னா அன்னிக்கு அவரே வந்து போட்டிருக்காரு." கமென் அதைப் பார்க்காமல், அன்று வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கேட்டான்.

கொழுந்தன் தோதோர் வந்தானாம். இறந்தவர்களுக்கு நாற்பதாம் நாளில் படைக்கும் அவித்த கோதுமையோடு. கிண்ணத்தை அவள் வாங்கவில்லை. வாசற்கதவில் ஒட்டும் இரங்கல் தாளுக்குப் படம் வேண்டுமென்று இந்தக் கணினி முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். அண்ணனின் கடவுச்சொல் அவனுக்குத் தெரியும்.

"அவனுக்கு அவசரம், அண்ணனைப் புதைக்க. புதைக்க உடம்புகூட இல்ல."

"உங்க கல்யாணப் படம் அதே ஃபோல்டர்ல இருக்கா? எப்ப உருவானதுன்னு காட்டுது?" கமென் கேட்டான்.

அவள் தேடினாள். அக்டோபர் 18, 4.10. செத்துப்போன நாயின் படம், அதுவும் 4.10. எல்லாமே.



"லியுபென் இந்தப் புரோகிராமை எழுதினது விண்டோஸ்ல," என்றான் கமென். "அங்க அந்த எண் ஃபைல் பிறந்த நேரம். போன வசந்தத்துல நான் லினக்ஸ்ங்கற வேற சிஸ்டத்துக்கு மாத்திக் குடுத்தப்ப, புரோகிராமை அப்படியே தூக்கிட்டு வந்துட்டாரு. இங்க அதே பேர்ல வர்ற எண் வேற. பேரோ, திறக்கிற அனுமதியோ கடைசியா மாறின நேரம். படத்தை எடுக்க உங்க கொழுந்தன் மொத்த ஃபோல்டருக்கும் எல்லாருக்கும் அனுமதி குடுத்திருக்காரு. அதனாலதான் உங்களுக்கும் திறந்துச்சு. கடிதத்துல ஒரு எழுத்துகூட அன்னிக்கு மாறல."

நிரலில் இரண்டு வரி சேர்த்தான். விண்டோஸ் என்றால் பிறந்த நாள். இல்லையென்றால் அனுமதி மாறிய நாள். திரும்ப ஓடவிட்டான். கடிதத்துக்குப் பிறந்த நாள் என்று எதுவும் வரவில்லை. திருத்தியது செப்டம்பர் 2, அனுமதி மாறியது அக்டோபர் 18 என்று மட்டும் நின்றது.

நெவேனா மடிக்கணினியை மூடினாள்.

"அந்த பால்கனிக் கதவு மூடவே மூடாது. ரெண்டு மாசமா குளிர் உள்ள வருது. நான் தொடல."

பிறகு கைப்பைக்குள்ளிருந்து நான்காக மடித்த, தோதோர் கொடுத்த இரங்கல் தாளை எடுத்து மேசைமேல் நீவி விட்டாள். மடிப்பு லியுபெனின் நெற்றியில் விழுந்திருந்தது.

"ஒட்டறதுக்கு டேப் இருக்கா?"