முடியில்லாத நாய்

துருகோவின் ஊதிய வழுக்கை வயிற்றில் நேற்று இல்லாத சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில், ஈரமான காப்பிச் சக்கையைத் தீற்றியது போல ஏதோ ஒட்டியிருந்தது. நிக்காசியா துணியால் துடைத்தாள். புளித்த வாடை விரலோடு வந்தது. நாய் தள்ளாடி எழுந்து, மதியத் தூக்கத்துக்குப் போன மகள் அல்பாவின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது.

பூச்சிமருந்தடிக்க வந்தவர்கள் சொல்லிப் போனதிலிருந்து, சாக்கோ காட்டோர மண்வீடுகளில் மற்ற நாய்களெல்லாம் வெளியேதான். முடியில்லாத நாய்க்கு மட்டும் விலக்கு. அதன் சூடு இளைப்பை வாங்கிக்கொள்ளும் என்பார்கள். ஆறு வயது அல்பாவுக்கு இளைப்பு.

"என்னடி, உன் நாய் முழுகாம இருக்கா?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தோமசா கேட்டாள்.

"அது ஆம்பளை, அக்கா."

"அப்ப வயித்துல தண்ணி. எங்க நாயும் இப்படித்தான் ஊதிச் செத்துச்சு. வின்சூக்காப் பூச்சி வேலை. கடியில ஒண்ணுமில்லடி. ரத்தம் குடிச்சிட்டு அங்கயே பேளும் பாரு, அதைத் தேச்சா நோவு உள்ள போயிரும். உம் புருசன் நெஞ்சைத் தின்னது வேற எதுன்னு நெனச்ச?"

"மொழுமொழுன்னு இருக்கு. பூச்சி இதுல எங்க ஒளியும்?"

"நாய்மேல எதுக்கு ஒளியணும்? அது படுக்கிற எடத்துல ஒளியும்."

நிக்காசியா உள்ளே ஓடினாள்.

வெயிலுக்காகப் பலகைச் சன்னலை அடைத்திருந்த அறையில், வியர்வையும் நாய் மூத்திரமும் ஊறிய வெக்கைக்குள், கட்டிலோரச் சுவர் வெடிப்பிலிருந்து யாரோ காய்ந்த இலையை மெல்ல இழுப்பது போன்ற சரசரப்பு வந்தது. நின்றது. மறுபடி வந்தது. வெறுங்காலின் கீழ் ஏதோ பிதுங்கியது. வெதுவெதுப்பு. பிசுபிசுப்பு.

சன்னலைத் தள்ளித் திறந்தாள்.

துருகோவின் வாய் திறந்திருந்தது. மூச்சில்லை. செத்த தோலை விட்டு அவை இறங்கிக்கொண்டிருந்தன. தட்டையாக. பசியோடு. விரிப்பின் மேல். தலையணையின் மேல்.

அல்பாவின் கண்ணோரத்தில் ஒன்று. திராட்சை போல உப்பியிருந்தது. குடித்து முடித்துவிட்டது. மெதுவாகத் திரும்பியது. பின்புறத்திலிருந்து ஒரு சொட்டு. பழுப்பு.

சன்னலுக்கும் கட்டிலுக்கும் நாலு எட்டு. நிக்காசியா பாய்ந்தாள்.

தூக்கத்திலேயே அல்பா முகத்தைச் சுளித்தாள். கையை முட்டியாக மடக்கி, கண்ணை நன்றாகத் தேய்த்தாள்.