குறுக்கே திருப்பு

போன் அடித்தது.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தன் மைக் செட் கடையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த தினேஸ், திரையைப் பார்த்தான்.

கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

சஜீவன்!

செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. செத்தவனின் நம்பரிலிருந்து அழைப்பு!

"ஹ... ஹலோ..."

"தினேஸ் அண்ணே, நான் மரியகொரட்டி பேசுறேன். சஜீவனோட சம்சாரம்."

தினேஸுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"சொல்லு தங்கச்சி. எப்படி இருக்க?"

"இருக்கேன் அண்ணே. ஒரு உதவி. அவரு ஜெனரேட்டர பொலிஸ்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. துரு எடுத்து, கழட்டி மாட்டிட்டேன். ஆனா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. நாளன்னைக்கு மாரியம்மன் கோயில் திருவிழா. இங்க கரண்ட் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே."

"அதுக்கென்ன, நாளைக்குப் பகல் வந்து பார்க்குறேன்."

"திருவிழா முடிஞ்சதும் நீங்களே அதத் தூக்கிட்டுப் போயிருங்க அண்ணே. என்னால கண்கொண்டு பார்க்க முடியல."

போனை வைத்த தினேஸ் சிரித்தான். எந்தப் பொருள் யார் கண்ணிலும் படக் கூடாது என்று நினைத்தானோ, அதுவே வீடு தேடி வருகிறது. வலிய வரும் அதிர்ஷ்டத்தை வேண்டாம் என்று சொல்ல அவன் என்ன சாமியாரா?

தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், மரியகொரட்டியும் போனை வைத்தாள். அவள் சிரிக்கவில்லை.

"வர்றானாம் சேர்."

எதிரில் நின்ற சப் இன்ஸ்பெக்டர் லத்தீப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். பழைய அதிகாரி மூடிவிட்டுப் போன வழக்கு இது.

மூடியது எப்படி என்றால், ரொம்பச் சுலபமாக. சாத்திய அறை. உள்ளே சஜீவன். பக்கத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்றுபோன ஜெனரேட்டர். பக்கத்திலேயே சாராய வாடை. போதையில் மிசினை உள்ளே வைத்து ஓட்டினான், புகையில் செத்தான். அவ்வளவுதான்.

மரியகொரட்டி நம்பவில்லை. சஜீவன் எவ்வளவு மழையானாலும் ஜெனரேட்டரை வெளியே, கொய்யா மரத்தடியில் பலகை போட்டு, மேலே தகரம் சாய்த்துத்தான் ஓட்டுவான். உள்ளே வைத்தவனை அவன் திட்டிய திட்டு அந்த லயத்துக்கே தெரியும்.

சஜீவன் சாவதற்கு முந்தின திருவிழாவில் தினேஸ் இழுத்த பிய்ந்த வயரில் கை வைத்து, பாக்கியலெட்சுமியின் மகன் செத்துப்போனான். பார்த்த ஒரே சாட்சி சஜீவன். கோர்ட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் பெட்டிக்குள் போய்விட்டான்.

"சந்தேகம் எனக்கும் இருக்கு. ஆனா தினேஸ் அன்னைக்குப் பூரா மொனராகலையில இருந்தேன்னு சொல்லியிருக்கான்," என்றார் லத்தீப்.

"இத ஸ்டார்ட் பண்ணுங்க சேர்."

"எதுக்கு?"

"பண்ணுங்களேன்."

லத்தீப் குனிந்தார். கிராமத்தில் அப்பாவின் தண்ணீர் மிசினோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர். டேங்குக்குக் கீழே, பெட்ரோலைத் திறந்து மூடும் சின்ன டெப்பைப் பார்த்தார். கைப்பிடி குழாயோடு நேராக நின்றது. திறந்துதான் இருக்கிறது. சோக்கைத் தள்ளினார். கயிற்றை இழுத்தார்.

இழுத்தார்... இழுத்தார்... சட்டை நனைந்தது.

"ரிப்பேர் பண்ணுன லட்சணமா இது?"

மரியகொரட்டி டெப்பின் கைப்பிடியைக் குறுக்கே திருப்பினாள். கொஞ்சம் பொறுத்துக் கயிற்றை ஒரே இழுப்பு.

டுர்ர்ர்ர்ர்!

லத்தீப் வாயைப் பிளந்தார். அவள் மிசினை அணைத்தாள்.

"உலகத்துல எல்லா டெப்பும் நேரா இருந்தா திறக்கும், குறுக்க இருந்தா மூடும். இது தலைகீழ். பழைய டெப் ஒழுகுதுன்னு அவரு பதுளைக்குப் போய், புவாத் நானா கடையில வேற மிசின்ல கழட்டுன டெப்ப வாங்கி மாட்டியிருக்காரு. எனக்கே தெரியாது. கழுவும்போதுதான் பார்த்தேன். நானாகிட்டப் போய்க் கேட்டேன். 'அவன் செத்த அன்னைக்குக் காலையிலதானே புள்ள வாங்கிட்டுப் போனான்'னு அழுதாரு."

லத்தீப்பின் கண்கள் சுருங்கின.

"அப்படின்னா அன்னைக்கு இந்த மிசின ஓட்டுனவனுக்கு மட்டும்தான்..."

"ஆமாங்க சேர். பொலிஸ்லயும் இத யாரும் தொடல. முற்றத்துல போட்டுட்டாங்க."

"டெப்ப மட்டும் வச்சு ஒருத்தன உள்ள போட முடியாது தங்கச்சி. அவன் வாயால வரணும்."

"வர வைக்கிறேன்."

அவள் கைகளைப் பார்த்தார் லத்தீப். நகக்கண்ணெல்லாம் கரி. கார்புரேட்டரில் பாணியாக இறுகிப்போயிருந்த பெட்ரோலை மெல்லிய செம்புக் கம்பியால் குத்திக் குத்தி எடுத்த கை. டேங்குக்குள் ஆற்றுக்கல்லைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்த கை. எலி கூடு கட்டிய ஃபில்டரைக் கழுவி, அறுந்த கயிற்றை மாற்றிய கை. ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றும்போதும் அவள் தினேஸின் கழுத்தைத்தான் நினைத்துக்கொண்டாள். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அந்த மிசின் இந்த ஜென்மத்தில் ஓடியிருக்காது.

மறுநாள் பகல். தூறல். நமுனுகுல மலை மேகத்துக்குள் போயிருந்தது. லயத்தில் ஆள் இல்லை. எல்லோரும் மேலே மடுவத்துக் கொட்டகையில் தேயிலைக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கோயில் அரசமரத்தில் குழாய் ஸ்பீக்கர்கள் கட்டியாகிவிட்டது. கரண்ட் மட்டும் வழக்கம்போல இல்லை.

தினேஸின் வேன் வந்து நின்றது.

மரியகொரட்டி குளிருக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வாங்க அண்ணே."

அதே அறை. ஒரு மூலையில் பழைய சேலை போட்டு மூடிய சாமான்கள். நடுவில் ஜெனரேட்டர்.

"ஏன் உள்ள வச்சிருக்க?"

"வெளிய தூறுது அண்ணே. ஓடுதான்னு பார்த்தாப் போதும்."

அவன் குந்தினான். பிளக்கைக் கழற்றிப் பார்த்து மாட்டினான். எண்ணெய் பார்த்தான். அவள் மூச்சு விடாமல் அவன் விரல்களையே பார்த்தாள்.

நேராக நின்றது டெப்.

அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. விரல் தானாகப் போனது. குறுக்கே திருப்பியது. கயிற்றை இழுத்தான்.

டுர்ர்ர்ர்ர்!

"இதுல என்ன கோளாறு? நல்லாத்தானே ஓடுது," என்று சிரித்தான்.

மரியகொரட்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கேயே அவன் மண்டையில் ஸ்பேனரை இறக்கிவிடலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டு பக்கத்தில் போனாள். மிசின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணே, டெப்ப எதுக்குக் குறுக்க திருப்புனீங்க?"

"என்ன?"

"குறுக்க திருப்புனா மூடும். பெட்ரோல மூடிட்டு எவனாச்சும் ஸ்டார்ட் பண்ணுவானா?"

சிரிப்பு அவன் முகத்திலேயே உறைந்தது.

"இந்த டெப்ப அவரு மாட்டுனது, செத்த அன்னைக்குக் காலையில. நீங்கதான் மொனராகலையில இருந்தீங்களே. இது தலைகீழ்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

தினேஸ் எழுந்தான். வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். காக்கை குருவி இல்லை. கதவைச் சாத்தினான்.

"கெட்டிக்காரிதான்," என்றான். "அந்தச் சனியன் டெப்பு அன்னைக்கு என்னைய என்ன பாடு படுத்துச்சு தெரியுமா? ஊத்திக் குடுத்துத் தூங்க வச்சாச்சு. மிசினயும் உள்ள இழுத்தாச்சு. எத்தன இழுப்பு இழுத்தும் ஓடல. கடைசியில கடுப்புல டெப்பக் குறுக்க திருப்புறேன், உறுமுது."

"கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தாரே அண்ணே..."

"கூடப் பொறந்தவன் கோர்ட்டுல சாட்சி சொல்லுவானா? பாக்கியலெட்சுமி மவன் செத்தது என் வயருலதான்னு சொல்லப் போறேன்னான். நான் உள்ள போகணுமா?"

"உன்னய விட மாட்டேன்."

மரியாதை போய்விட்டது. இனி அவனுக்கு என்ன மரியாதை?

"கத்து. நல்லாக் கத்து. இந்த மிசின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?" அவளை மூலையில் தள்ளினான். "வெளிய பூட்டிட்டுப் போறேன். புருசன் போன வழியிலயே பொஞ்சாதியும் போயிட்டான்னு பொலிஸே எழுதிக்கும்."

கதவைத் திறந்தான்.

திறந்தவன் நகரவில்லை.

வாசலில் லத்தீப். அவருக்குப் பின்னால் கொழுந்துக் கூடையோடு, மூச்சு வாங்க, மடுவமே திரண்டு நின்றது. முன்வரிசையில் பாக்கியலெட்சுமி. அவள் கையில் கவாத்துக் கத்தி. லத்தீப் அந்தக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

தினேஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மரியகொரட்டி எழுந்துபோய் மூலையில் கிடந்த சேலையை உருவினாள். மிசினுக்கு ஒரு வயரும் கோயில் ஸ்பீக்கர்களுக்கு ஒரு வயருமாக இழுத்திருந்த அம்ப்ளிஃபயரில் சிவப்பு லைட் எரிந்தது. போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். கையில் மைக்.

"மிசின் ஓடுனாத்தான் மைக் ஓடும்," என்றாள்.

கோயில் அரசமரத்திலிருந்து அதே குரல் இடிபோல் இறங்கி, எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது.

"ஸ்டார்ட் பண்ணுனது நீதான்."

அவள் குனிந்து மிசினை அணைத்தாள். செத்தவன் மாட்டிய டெப்பை நேராகத் திருப்பி மூடினாள். பிறகுதான், அந்த வருஷத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

லத்தீப் தினேஸின் கையில் விலங்கை மாட்டினார்.

"மைக் செட் தொழில்காரன்னா தொழில்காரன்தான். ஒரு வார்த்த விடாம மடுவம் வரைக்கும் கேட்டுச்சு... எக்கோவ மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."