பட்டியலில் இரண்டாமவன்

சுவரில் இருந்த இன்டர்காம் அலறியது.

சிக்னே நடுங்கினாள். அவள் காலடியில் பேராசிரியர் டோர்ஸ்டென் கிடந்தார். பின்னந்தலையில் உறைந்துபோன ரத்தம்... நாடி பார்த்தாள். இல்லை!

ஆய்வுக்கூடத்தின் குளிர் அறை. மைனஸ் இருபது. 'உடனே வா' என்று அவர் போனிலிருந்து வந்த செய்தியை நம்பி ஓடி வந்திருந்தாள். பின்னாலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் கைபேசி வெளியே, கோட்டுப் பையில்!

இன்டர்காமை அழுத்தினாள்.

"யாரு?"

"நான்தான், லுட்விக்."

கதவிலிருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம். அவளோடு எம்.எஸ்சி. படித்தவன். முனைவர் பட்டத்துக்கு இருந்த ஒரே ஆராய்ச்சி இடத்துக்கு அவளோடு மோதியவன்.

"லுட்விக், கதவைத் திற! டோர்ஸ்டென்..."

"தெரியும். நான்தானே தள்ளிவிட்டேன்."

சிக்னே கதவைத் தடவினாள்; உள்பக்கக் கைப்பிடியே இல்லை!

"தேர்வுப் பட்டியல்ல நீ முதல், நான் ரெண்டாவது. மாத்துங்கன்னு கெஞ்சினேன். கையெழுத்துப் போட்டாச்சுன்னு சிரிச்சாரு. ஒரே தள்ளு... அலமாரி முனை குத்திடுச்சு!"

"அதுக்கு என்னை ஏன்டா அடைச்சே?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். காபி குடிச்சதும் எல்லாரும் கிளம்பிட்டாங்க. திங்கக்கிழமை ரெண்டு பிணம் கிடைக்கும். அவரைக் கொன்னுட்டு நீ உள்ளே மாட்டிக்கிட்டேன்னு போலீஸ் எழுதிக்கும். இடம் ரெண்டாவது ஆளுக்கு!"

விரல்கள் மரத்துவிட்டன. இன்னும் கொஞ்ச நேரத்தில் யோசிக்கக்கூட முடியாது. செத்துவிடுவோம் என்று பயந்தாள்.

சட்டென்று கேட்டாள்.

"போன வருஷம் நம்ம துறைப் பேராசிரியை ஆகடா செத்தாங்களே... அவங்க ஆராய்ச்சிக்கு எடுக்கறதா இருந்த பையன் இப்ப என்ன பண்றான்?"

"வீடு வீடா பீட்சா கொண்டு போறான். ஏன்?"

"ஏன்னா பணம் துறையோடது இல்லடா மடையா! பேராசிரியர் பேர்ல வந்த நிதி. அவர் போனா அறக்கட்டளை திரும்ப வாங்கிக்கும். டோர்ஸ்டென் இல்லேன்னா இடமே இல்ல!"



அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

சிக்னே மண்டியிட்டாள். பேராசிரியரின் கழுத்தில் கை வைத்தாள். திடீரென்று கத்தினாள்.

"லுட்விக்! நாடி இருக்கு! மெதுவா அடிக்குது!"

"பொய் சொல்லாதே!"

"அவர் பிழைச்சா உனக்கும் ஒரு வழி இருக்கு. நெஞ்சை அழுத்தணும், என் கை மரத்துப்போச்சு... சீக்கிரம்டா!"

கதவு தடாலென்று திறந்தது. லுட்விக் பாய்ந்து உள்ளே வந்தான். மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தான்... உடம்பு கட்டையாய் விறைத்திருந்தது!

திரும்பினான்.

கதவு மூடியிருந்தது. உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றியதே அவன்தான்.

வெளியே சிக்னே போலீஸுக்குப் பேசி முடித்தாள். பிறகு அழுதாள். நல்ல மனிதர் போய்விட்டார். அவளுடைய இடமும் அவரோடு போய்விட்டது.

இன்டர்காம் அலறியது.

"சிக்னே! திற... குளிருது! என் வாழ்க்கையே போச்சு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"பொறு, போலீஸ் வந்துட்டிருக்கு. எனக்குத்தான் மறுபடி விண்ணப்பம் போடற வேலை. உனக்கென்னப்பா? தனி ரூம், மூணு வேளை சாப்பாடு, எல்லாம் அரசாங்க செலவு... நேர்முகத் தேர்வுகூட கிடையாது!"