கழுகுகள் வராத பந்தி

"ஆஆஆ...!"

ஜீப்பின் பின்சீட்டில் இருந்த பெல்ஜியம் அம்மாள் போட்ட அலறலில், மரத்துக் குரங்குகள்கூட ஒரு கணம் சேட்டையை நிறுத்தின.

தோக்கோ பிரேக்கை மிதித்தாள்.

லுவாங்வா காட்டில் சுற்றுலா ஜீப் ஓட்டும் பெண்களில் அவள்தான் சீனியர். வெள்ளைக்காரர்கள் அலறுவது அவளுக்குப் புதிதில்லை. சிலந்திக்கே அலறுவார்கள்.

"என்னம்மா... பாம்பா?"

"கா... கால்!"

தோக்கோ பார்த்தாள்.

ஆற்றங்கரைப் புதருக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வனக்காவலர்கள் போடும் பூட்ஸ்!

இறங்கி ஓடினாள். குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

முசோண்டா!

நேற்று சாயங்காலம் ரோந்து போனவன். முகாமுக்குத் திரும்பாதவன். முதுகில் ஒரே ஒரு துப்பாக்கிக் குண்டு ஓட்டை. மற்றபடி... முழுசாகக் கிடந்தான். ஒரு கீறல் இல்லை.

அந்த முழுசுதான் தோக்கோவை உறுத்தியது. ஏனென்று அப்போது அவளுக்கே விளங்கவில்லை.

★

வெயில் ஏறும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் முதிந்தா வந்துவிட்டாள். கூடவே வனக்காவல் கமாண்டர் கலூபா. பெரிய தொப்பை. அதைவிடப் பெரிய குரல்.

"இதுல விசாரிக்க என்ன மேடம் இருக்கு? நேத்தே செத்திருந்தா இந்நேரம் பெல்ட் பக்கிள்தான் மிஞ்சியிருக்கும். கழுதைப்புலி விடுமா? கழுகு விடுமா? இது விடிஞ்சப்புறம் நடந்த கொலை!"

"டாக்டர் வந்து சொல்லட்டுமே?"

"சிப்பாட்டா டவுன்ல இருந்து அவர் வர்றதுக்கு நாளைக்கு ஆயிடும். அதுக்குள்ள கொலைகாரன் எல்லையத் தாண்டிருவான்!"

"நீங்க விடிகாலையில எங்க இருந்தீங்க கமாண்டர்?"

"உங்க ஸ்டேஷன்லதான்! முசோண்டாவக் காணோம்னு இருட்டோட வந்து உட்கார்ந்து, உங்க டீயத்தானே குடிச்சேன்?"

வாஸ்தவம். முதிந்தாவே ஊற்றிக் கொடுத்த டீ.

"சரி... அப்ப இந்தப் பக்கம் ரோந்து வந்தது யாரு?"

கலூபாவின் விரல், பின்னால் நின்ற இளம் வனக்காவலன் பக்கம் நீண்டது.

"இவன்! லக்சன்! நேத்து மத்தியானம் ரெண்டு பேருக்கும் கைகலப்பு. முகாமே வேடிக்கை பார்த்துச்சு!"

லக்சன்... தோக்கோவின் ஒரே தம்பி!

"அது ஃபுட்பால் சண்டை மேடம்! கோல் விட்டேன்னு கிண்டல் பண்ணான், சட்டையப் பிடிச்சேன். அதுக்கு யாராவது சுடுவாங்களா?"

"சுடுறவனெல்லாம் காரணம் பார்த்தா சுடுறான்? மாட்டுங்க விலங்கை!"

கிளிக்!

"அக்கா... நான் இல்லக்கா!"

கொலைக் கேஸ். ஆயுசுக்கும் கம்பி. அம்மா செத்த நாளிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளை... 'கடவுளே!' என்று தோக்கோ வானத்தைப் பார்த்தாள்.

வானம் காலியாக இருந்தது.

ஒரு புள்ளி இல்லை!

தோக்கோ முதிந்தாவின் பக்கத்தில் போய்க் குரலைத் தணித்தாள்.

"மேடம்... மேல பாருங்க."

"ஏன், மழை வருமா?"

"கழுகு வரல."

"அதனால?"

"செத்தது எலியா இருந்தாலும் வந்து எட்டிப் பார்க்கும். இவ்வளவு வெயில் ஏறியும் ஒண்ணுகூட வரலன்னா... வர்றதுக்குக் கழுகே இல்ல மேடம்!"

முதிந்தாவின் கண்கள் சுருங்கின.

"கமாண்டர்... நீங்க பொணத்தப் பார்த்துக்குங்க. நான் டயர் தடம் ஏதாவது இருக்கான்னு ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன். தோக்கோ, வண்டிய எடு!"

★

மிருகங்கள் மண்ணை நக்க வரும் உப்புப் பள்ளத்தை நெருங்கும்போதே நாற்றம் முகத்தில் அறைந்தது.

யானை!

தந்தம் இருந்த இடம் கோடாலியால் கொத்தப்பட்டிருந்தது. அதைச் சுற்றி... சிறகை விரித்தபடி கழுகுகள். வாயில் நுரையோடு கழுதைப்புலிகள். எதிலும் அசைவில்லை. மொய்த்த ஈக்கள்கூடச் செத்துக் கிடந்தன.

முதிந்தா கைக்குட்டையால் மூக்கை மூடினாள்.

"என்ன கொடுமை இது!"

"கறியில பூச்சிமருந்து தடவியிருக்கான் மேடம். கழுகு வட்டம் போட்டா காவலுக்குக் காட்டிக் குடுத்துருமே... அதான் கூண்டோட தீத்துட்டான். பாதகன்!"

"முசோண்டா இதப் பார்த்துட்டான்..."

"பார்த்தவனைச் சுட்டு ஆத்தங்கரையில போட்டுட்டான். விடியறதுக்குள்ள கழுதைப்புலி தின்னு தீர்த்துரும்னு நெனச்சான். ஆனா பந்திக்கு வர வேண்டியவங்க எல்லாம் அந்த மருந்தத் தின்னு இங்க செத்துக் கிடக்காங்க!"

"அப்ப கொலை நடந்தது நேத்து சாயங்காலம்! அந்நேரம் லக்சன்?"

"என் ஜீப்புல காவலுக்கு வந்திருந்தான் மேடம். கெஸ்ட்டுங்களுக்குச் சிறுத்தை காட்டிட்டிருந்தான். அந்தப் பெல்ஜியம் அம்மாளையே கேளுங்க."

"தம்பி தப்பிச்சான். ஆனா செஞ்சது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடிந்த பிறகுதான் கொலை என்று அடித்துப் பேசியது ஒரே ஆள்.

"சந்தேகத்த வச்சு கமாண்டர் மேல கை வைக்க முடியாது தோக்கோ. முகாம் துப்பாக்கிங்களும் தினம் கை மாறும், குண்ட வச்சும் ஆளப் பிடிக்க முடியாது. அவர் வாயாலதான் வரணும்."

தோக்கோ ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டாள்.

"வாய்தானே மேடம்? மத்தியானம் எங்க டூரிஸ்ட் கேம்ப்புல சாப்பிடக் கூப்பிடுங்க."

★

கலூபா ன்ஷிமா களியை உருட்டி, கறிக்குழம்பில் முக்கி, ஆவேசமாக உள்ளே தள்ளினார். எதிரில் முதிந்தாவும் சாப்பிட்டாள். ஓரத்தில் விலங்கோடு லக்சன். அவன் தட்டைத் தொடவே இல்லை.

"கறி என்னம்மா ரப்பர் மாதிரி இருக்கு?"

தோக்கோ இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"யானைக்கறி அப்படித்தானே சார் இருக்கும்?"

"யா... யானையா?"

"உப்புப் பள்ளத்துல ஒண்ணு செத்துக் கெடந்துச்சு. வீணாப் போகுதேன்னு கொஞ்சம் வெட்டிட்டு வந்தோம். கேஸ் கீஸ் போட்டுராதீங்க சார்... ஊர்ல நடக்கிறதுதானே!"

கலூபாவின் தாடை பாதி மெல்லலில் நின்றது.

முகம் சாம்பலானது.

நாற்காலி பின்னால் விழுந்தது. விரலைத் தொண்டைக்குள் விட்டார். குமட்டினார்!

"வண்டி! ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடு!"

"யானைக்கறிக்கா கமாண்டர்?" முதிந்தா நிதானமாக மென்றாள். "நான் ரெண்டாந்தடவை வாங்கிட்டேன்."

"துப்புங்க! எல்லாரும் சாகப் போறோம்! அது பூரா மருந்து தடவி..."

சட்டென்று நிறுத்தினார்.

ரொம்பத் தாமதம்.

முதிந்தா கையைக் கழுவினாள்.

"யானையப் போய்ப் பார்த்தது நானும் தோக்கோவும் மட்டும்தான். நாங்க மருந்துன்னு சொல்லவே இல்லையே கமாண்டர்?"

கலூபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டார்.

"எல்லாத்தையும் சொல்றேன்... தந்தம் என் வீட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள... முசோண்டா பார்த்துட்டான், வேற வழியில்ல... டாக்டரக் கூப்பிடுங்க... எரியுது... செத்துருவேன்!"

லக்சனின் கையிலிருந்து கழன்ற விலங்கு, சூடு ஆறுவதற்குள் கலூபாவின் கையில் ஏறியது. தம்பி அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். அவளும்தான். அழுது முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலூபாவிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"சாக மாட்டீங்க சார். அது கிழட்டு ஆடு... சரியா வேகல. புகார் இருந்தா ஸ்டேஷன்ல குடுங்க... அங்கதானே போறீங்க!"