சத்தம் போடாத பம்பு

காற்றை இழுக்கும் பக்கத்தில் காற்றே இல்லை. கோமதிநாயகம் முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு மெத்தை சுற்றி வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டு கிழித்து, பம்பின் சின்னத் துளைகளுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தான். தாள் ஒட்டவில்லை, ஆடக்கூட இல்லை. ஆனால் பம்பின் மறுமுனையில் இரண்டு பேர் படுக்கும் காற்று மெத்தை மடிப்பு மடிப்பாக விரிந்து பலகைத் தரையில் எழுந்துகொண்டிருந்தது.

தாராவியில் அவன் வீடு ஒரே அறை. அதற்குள் இரும்புச் சட்டம் அடித்துப் பலகை பரப்பி எழுப்பிய மேல்தட்டுதான், அங்கே மாலா என்பார்கள், அவனுடைய கிடங்கு. மலைப்பக்க ஏரிக்கரையில் சனி ஞாயிறு கேம்ப் போடும் ஆபீஸ்காரப் பிள்ளைகளுக்கு டென்ட், விளக்கு, மெத்தை எல்லாம் வாடகைக்கு விடுகிறான். பம்பு விஷயத்தில்தான் எப்போதும் ஏச்சு வாங்குவான். மிதிக்கிற பம்பைக் கொடுத்தால், மலையேறி வந்த காலால் இதையும் மிதிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். பிளக் வைத்தது கரண்ட் இல்லாத இடத்தில் தண்டம். பேட்டரி செல் போடுகிற பம்பு போடும் சத்தம் பக்கத்து டென்டை எழுப்பிச் சண்டையில் கொண்டுபோய் விடும். அதனால்தான் உல்லாஸ்நகர் வரை போய், ஒரு சார்ஜில் நாலு மெத்தை நிரப்பும், சத்தமே வராது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணிய இந்த ரகத்தில் ஒன்றை மாதிரிக்கு வாங்கி வந்திருந்தான்.

சத்தம் வரவில்லைதான். மதியம் மூன்று மணி வெயிலில் தகரக் கூரை படபடவென்று விரிவதும், அடுத்த வீட்டுத் தையல் மெஷின் ஓடி ஓடி நிற்பதும், கீழே மனைவி மாலதி பாத்திரம் அலம்புவதும் தெளிவாகக் கேட்டன. கீழே கட்டிலில் மகள் செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயது, பிறந்ததிலிருந்து மூச்சிளைப்பு. அவள் தூங்கும்போது நெஞ்சுக்குள் எழும் அந்த மெல்லிய விசில் சத்தத்துக்கு ஒரு காதை எப்போதும் ஒதுக்கி வைத்தே கோமதிநாயகம் வாழ்ந்து பழகியிருந்தான்.

அந்த விசில் இப்போது கேட்கவில்லை. நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டான். மெத்தை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கக் குனிந்தபோது, அதன் வாயருகே புது ரப்பர் வாடை இல்லை. இருமல் மருந்தும் ஆறிய பாலும் கலந்த வாடை வந்தது. தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில்தான் காரணம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"ஏங்க, பிள்ளைக்கி மூச்சு வாங்குது. அங்கன என்ன செய்தீக?" கீழேயிருந்து மாலதி கேட்டாள்.

அட்டைப்பெட்டித் தூசியாக இருக்கும், இன்ஹேலர் மருந்தை அடி என்று சொல்லிவிட்டு, பம்பை நிறுத்தி உருவி, மெத்தையின் மூடியைத் திருகினான். ஏணிப் பக்கம் நகர்ந்தவன் நின்றுவிட்டான். முதுகுக்குப் பின்னால் விசில்.

திரும்பிப் பார்த்தான். மெத்தையின் மேற்பரப்பு மெதுவாக உயர்ந்தது. நின்றது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. உயரும்போதெல்லாம் தையலுக்குள்ளிருந்து அந்த விசில்.

"மருந்தை உள்ள இழுக்க மாட்டேங்கா. உதடு நீலமா வருது. கீழ வாங்க நீங்க." மாலதியின் குரல் உடைந்தது.

அவன் மெத்தையைத் தூக்கினான். எதற்கென்று யோசிக்கவில்லை, இதைப் பிள்ளையிடம் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். ஏணி இறங்கும் திறப்பு இரண்டடி அகலம்தான். மெத்தை சிக்கிக்கொண்டது. மடக்கினான், மடங்கவில்லை. காற்றை இறக்கினால்தான் இறங்கும். மூடியை ஒரு திருகு தளர்த்தினான்.

இருமல் ஒன்று வெளியே வந்தது. செல்வியின் இருமல். கூடவே, மிகச் சின்னதாக, "அப்பா."

கீழே மாலதி அலறினாள். அவன் உள்ளங்கையால் மெத்தையின் வாயைப் பொத்தினான். திறப்பில் சிக்கியதை மறு கையால் பின்னுக்கு இழுத்தான்.

"ஏட்டி, பிள்ளைய மேல தூக்கு. கேள்வி கேக்காத. தூக்கு."

ஏணியில் ஏறி மாலதி நீட்டிய உடம்பை ஒரு கையால் வாங்கிப் பலகையில் கிடத்தினான். நெஞ்சு அசையவில்லை. மூடியைக் கழற்றிவிட்டு, அவள் உதட்டை மெத்தையின் வாயில் சேர்த்து, விரல்களால் சுற்றிப் பொத்தி, முழங்காலை மெத்தைமேல் வைத்து அழுத்தினான்.

செல்வியின் நெஞ்சு உயர்ந்தது.

முழங்காலை எடுத்தான். நெஞ்சு தாழ்ந்தது. மெத்தை உப்பியது.

அழுத்தினான். உயர்ந்தது. எடுத்தான். தாழ்ந்தது. நீலம் கொஞ்சம் விலகியது. அவன் விம்மி அழுதான். விரல் இடுக்கில் மட்டும் காற்று சில்லென்று கசிந்துகொண்டிருந்தது.

சந்து முனையில் ஆட்டோ நிற்கிறது, ஆஸ்பத்திரி பக்கம்தான், பிள்ளையை இறக்குங்கள் என்று அலறல் கேட்டு ஓடி வந்த அக்கம்பக்கத்தார் கீழே கத்தினார்கள். வாயை எடுத்தால் மூச்சில்லை. மெத்தையோடு இறக்க வழியில்லை.

"குடுங்க அவள," என்றாள் மாலதி, ஏணியில் நின்று இரண்டு கைகளையும் நீட்டி.

அவன் கொடுக்கவில்லை. அழுத்தினான். எடுத்தான். அழுத்தினான். செல்வி கண்களைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெத்தை ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகவே எழுந்தது.