பதினோரு மாத ஒப்பந்தம்

செவ்வாய்க்கிழமை, காலை 9.40.

நஸீபா அலமாரியைத் திறந்து நீலக் கோப்பை எடுத்தாள். ரேஷன் கார்டு இருந்தது. மகள் பாஹிமாவின் மார்க் ஷீட் இருந்தது. கரண்ட் பில்கள் இருந்தன. வாடகை ஒப்பந்தம் மட்டும் இல்லை.

கோப்பைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தாள். அலமாரியின் மூன்று தட்டுகளையும் கலைத்தாள்.

தேங்காய்ப்பட்டணத்தில் அந்த வாடகை வீட்டில்தான் ஆறு வருடமாக அவள் தையல் மெஷின் ஓடுகிறது. கணவன் ரிஜ்வான் மஸ்கட்டில். பாஹிமாவுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. வீட்டுக்காரர் ததேயுஸ் வீட்டை விற்கப் போகிறார். "யார் வாங்கினாலும் ஒப்பந்தக் காலம் முடியுமட்டும் உங்களை வீட்டை விட்டு இறக்க முடியாது. நாளைக்கு அந்தப் பேப்பரைக் கொண்டு வாங்க" என்று குழித்துறையில் சட்ட உதவி வக்கீல் நேற்றுத்தான் சொல்லியிருந்தார்.

இன்று பேப்பர் இல்லை.

காலை 11.15.

சப் இன்ஸ்பெக்டர் பிரிஜா வாசல் பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை. பின்கதவில் உள்தாழ்ப்பாள். ஜன்னல் கம்பிகள் உறுதி.

"செராக்ஸ் எடுத்து வச்சிருக்கியளா?"

"இல்ல மேடம். ஒரே ஒரு பேப்பர்தான். வீட்டுக்கார சாருக்கிட்டயும் நகல் கிடையாது."

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சாரும் புரோக்கர் சுஜினும் வந்தாவ. நல்ல மழை, கரண்டும் இல்ல. பத்து நாளுல ஒழிஞ்சு தரணும்னு சுஜின் சொன்னாரு. ஏப்ரல் வர எனக்க பதினோரு மாச ஒப்பந்தம் இருக்குன்னு எடுத்துக் காட்டினேன். அவங்க முன்னாலதான் திரும்பக் கோப்புல வச்சேன்."

"திங்கட்கிழமை?"

"காலையில குளச்சல்லேந்து கல்யாண வீட்டுக்காரங்க மயில்பச்சைப் பட்டுச்சேலை கொண்டாந்தாவ, ரவிக்கை தைக்க. அந்தா, அதுதான். கொக்கியில மாட்டிட்டு, பத்தரைக்கு வீட்டைப் பூட்டிட்டு குழித்துறைக்குப் போனேன். வரும்போது ரெண்டு மணி. பூட்டு பூட்டுன மாதிரியே இருந்துது."

"வேற சாவி?"

நஸீபா பக்கத்து வீட்டைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "சாருக்கிட்டதான் மேடம். வேற ஆரு எடுப்பா?"

காலை 11.50.

ததேயுஸ் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வலது கண்ணில் பிளாஸ்திரி. மாற்றுச் சாவி அவர் வீட்டு வராண்டாவில், திறந்த இடத்தில், ஆணியில் தொங்கியது.

"நேத்து எங்க இருந்தீங்க சார்?"

"நாகர்கோவில்ல. கண் ஆபரேஷன். காலம்பற ஆறு மணிக்கு நானும் வீட்டுக்காரியும் போனோம். ராத்திரிதான் வந்தோம்." மருத்துவமனைச் சீட்டை நீட்டினார்.

"அந்த ஒப்பந்தம் எத்தனை மாசத்துக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கு ஓர்மையில்ல."

வேலியோரம் நின்ற நஸீபாவுக்கு அது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்த்த பேப்பர், செவ்வாய்க்கிழமை நினைவில்லையாம்.

பகல் 12.30.

சுஜின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். தகவல் போனதும் உடனே வந்துவிட்டான்.

"நேத்து இந்தப் பக்கம் வந்தியா?"

"இல்ல மேடம். நாள் முழுக்கத் திற்பரப்புல. ஒரு தோட்டம் காட்டப் போனேன்."

"இந்த வீட்டுக்குள்ள எப்போ வந்தே?"

"ஞாயித்துக்கிழமை, சாருகூட. அந்த ஒரு தடவைதான். நாலு படமும் எடுத்தேன், வாங்குற பார்ட்டிக்குக் காட்ட. பாக்கியளா?" செல்போனை அவனே நீட்டினான்.

பிரிஜா ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். முன்வாசல். சமையலறை. படுக்கையறை. தையல் மெஷின் கிடந்த அறை. நான்காவது படத்தில் விரல் நின்றது.

"இதுவும் ஞாயித்துக்கிழமை எடுத்ததா?"

"ஆமா மேடம்."

"ஞாயித்துக்கிழமை மழை. கரண்டு இல்ல. இந்தப் படத்துல அறை முழுக்க வெயில்."

சுஜின் சிரிக்க முயன்றான். "இப்போ உள்ள போன் அப்பிடி, மேடம். இருட்டையும் வெளிச்சமாக் காட்டும்."

"சரி. கொக்கியில தொங்குற மயில்பச்சைச் சேலையையும் போனா கொண்டாந்து மாட்டிச்சு?"

அவன் செல்போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான். பிரிஜா கொடுக்கவில்லை.

"அது திங்கட்கிழமை காலையிலதான் இந்த வீட்டுக்கு வந்துது. பத்தரைக்கு வீட்டைப் பூட்டியாச்சு. ரெண்டு மணி வர உள்ள ஆளில்ல. சாரு ஆஸ்பத்திரியில. வராண்டாச் சாவியை எடுத்துத் திறந்தே. பேப்பர் இருக்கிற இடம் ஞாயித்துக்கிழமையே பாத்து வச்சது. வேலை முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை எடுத்த படம் இருட்டா வந்ததால, நல்ல வெயிலு கண்டதும் திரும்ப எடுத்தே. சாவியை ஆணியிலயே மாட்டிட்டுப் போனே. ஸ்கூட்டர் பெட்டியைத் திற."

பெட்டிக்குள் மழைக்கோட்டு. அதன் மடிப்பில் ஒப்பந்தம்.

"ஆள் ஒழிஞ்ச வீடுதான் வேணும்னு வாங்குற பார்ட்டி சொல்லிட்டாவ மேடம்" என்றான் சுஜின். "பேப்பர் இல்லன்னா தானாப் போயிருவாங்கன்னு நெனச்சேன்."

பிற்பகல் 2.10.

அசல் வழக்கில் சேரும் என்று சொல்லி, முத்திரையிட்ட நகலை பிரிஜா நஸீபாவிடம் கொடுத்தாள். "இதை வக்கீல்கிட்ட காட்டுங்க. வீட்டை விக்கிறது சாரோட உரிமை. ஏப்ரல் வர இருக்கிறது உங்க உரிமை."

ஜீப் போனது. ததேயுஸ் வேலியருகே நின்றார்.

"நான் எடுத்தேன்னுதானே நெனச்ச பிள்ளே?"

"ஆமா சார்." அவள் மழுப்பவில்லை. "நீங்க எடுக்கல. நான் நெனச்சது தப்புதான். ஆனா கையெழுத்துப் போட்ட பேப்பர் எத்தனை மாசத்துக்குன்னு ஓர்மையில்லன்னு சொன்னியளே, அது எடுத்ததவிடக் குறைச்சலா சார்?"

ததேயுஸ் போனை எடுத்தார். வீட்டை வாங்க இருந்தவரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் ததேயுஸ் பேசுதேன். வீட்டுல வாடகைக்கு ஆள் இருக்கு. ஏப்ரல் வர இருப்பாவ, நான் எழுதிக் குடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமையே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சம்மதம்னா வாங்குங்க. இல்லன்னா வேற ஆளப் பாக்கேன்."

நஸீபா போனருகே நகர்ந்தாள்.

"அந்தம்மா பக்கத்துல நிக்கிறாங்களா?" என்றது மறுமுனைக் குரல். "ஏப்ரல் முடிஞ்சா ஒழிஞ்சு தருவியளா?"

"மகளுக்குப் பரீட்சை முடியட்டும். அதுக்குள்ள வேற வீடு பாத்துருவேன்" என்றாள் நஸீபா. "அதுவர வாடகைய ஆருக்கிட்ட குடுக்கணும்னு மட்டும் எழுதித் தாங்க. ரெண்டு நகல்."