பத்தாம் நம்பர் மலை வளைவில் அணையாத லைட்

கிஷாந்தின் வேன் வாசலில் வந்து நின்றதும், றிச்சர்ட் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே தோட்டத்து லய வரிசை வீடுகளில் பாதிப் பேர் எட்டிப் பார்த்தாயிற்று. பின்னே, அவர் மகள் பவுலினைக் கட்டப்போகிற மாப்பிள்ளை அல்லவா! புடவை கொண்டுவருவான் என்று பார்த்தால், கோளாறு கொண்டுவந்திருந்தான்.

"மாமா, முன் லைட்டு ரெண்டும் தானா எரியுது. அணைச்சாலும் அணைய மாட்டேங்குது."

வாகனங்களில் கரண்ட் வேலை பார்க்க நோர்வூட் பக்கத்தில் றிச்சர்ட்டை விட்டால் ஆளில்லை. அதை அவரே ஊரெல்லாம் சொல்லியிருந்தார். சுவிட்சைக் கழற்றி, வயர் வயராகச் சோதித்தார். போட்டால் எரிந்தது. அணைத்தால் அணைந்தது.

"நல்லாத்தானே இருக்கு. எங்கடா எரியுது?"

"பத்தாம் நம்பர் மலை... அந்த வளைவுல."

"அப்ப அங்க வச்சுத்தான் பாக்கணும்."

"வேணாம் மாமா. புது சுவிட்ச் போட்டுக் குடுங்க, போதும்."

"மாப்பிள்ளைக்குப் பேய் பயமோ!" சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.

பிற்பகலிலேயே வளைவைப் பனி மூடியிருந்தது. எஞ்சினை நிறுத்தியதும், தேயிலைச் செடிகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும். எதுவோ அழுகிய வாடை.

லைட் எரிந்தது.

சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. றிச்சர்ட் ஃபியூஸைப் பிடுங்கினார். எரிந்தது. பேட்டரி வயரையே கழற்றிப் போட்டார்.

எரிந்தது.

ரோடு திரும்பிய இடத்தில் வெளிச்சம் திரும்பாமல் நேரே பள்ளத்தில் இறங்கியது. அங்கே மானாப்புல்லுக்குள் ஒரு நீலப் படங்கு. கொழுந்து பறிக்கப் போய்த் திரும்பாத மீனம்மா மழைக்கு நனையாமல் இடுப்பில் கட்டியிருந்தது. சிறுத்தை கொண்டுபோய்விட்டது என்று லயமே தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது. அவள் புருஷன் அழகுமுத்து மட்டும் இன்னும் டோர்ச்சோடு மலை மலையாக அலைந்தான்.

"டேய்... என்னடா இது?"

"டீசல் மிச்சம் புடிக்க எஞ்சின நிப்பாட்டி உருட்டிக்கிட்டு வந்தேன், மாமா. லைட்டும் போடல. பனியில மீனம்மாக்கா தெரியல, அடிச்சிட்டேன்." கிஷாந்தின் குரல் உள்ளே போயிற்று. "மறுநாள் வந்தப்பவும் முனகுற சத்தம் கேட்டுச்சு."

காற்றில்லை. படங்கு அசைந்தது.

பள்ளத்திலிருந்து யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"பவுலினுக்காகவாவது வாயத் தொறக்காதீங்க, மாமா."

றிச்சர்ட் இரண்டு பல்புகளையும் கழற்றி டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். பேட்டரி வயரை மறுபடி மாட்டி, லைட் இல்லாமலே வீடு திரும்பினார்கள்.

சாயங்காலம் அழகுமுத்து வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, மலைப்பக்கம் போனீங்களாமே. ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?"

றிச்சர்ட் மகளைப் பார்த்தார்.

"இல்லையேப்பா."

அவன் எதிர் லயத்துக்குப் போய்க் கதவைச் சாத்தியதும் கரண்ட் போயிற்று. தோட்டம் முழுக்க இருட்டு.

"அப்பா," பவுலின் கிசுகிசுத்தாள், "டூல்ஸ் பொட்டிக்குள்ள என்னப்பா எரியுது?"

பூட்டிய பெட்டியின் இடுக்கிலிருந்து இரண்டு வெளிச்சக் கோடுகள் கிளம்பி, ஜன்னல் தாண்டி, முற்றம் தாண்டி, அழகுமுத்துவின் கதவில் போய் விழுந்திருந்தன.

றிச்சர்ட் கம்பளிக் கோட்டை எடுத்துப் பெட்டியை மூடினார். சாக்கைப் போட்டார். வெளிச்சம் மங்கவில்லை.

எதிரே கதவு திறந்தது.